பச்சை என்று அச்சிட்ட கட்டம்

நேற்று உங்களில் ஒருவரிடம் நான் கத்தினேன். அதற்கு மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. கத்தியது சரிதான். இன்னும் கொஞ்சம் பலமாகவே கத்தியிருக்கலாம். ஏன் கத்தினேன் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற பிறகும் வாரத்துக்கு இரண்டு நாள் என்னை இந்த அச்சகத்துக்குக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறீர்கள். கிழவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நீங்கள் பேசிக்கொள்வதும் என் காதில் விழுகிறது. காது இன்னும் நன்றாகத்தான் கேட்கிறது.

நடந்தது இதுதான். ஒரு வாடிக்கையாளர் சோப்பு உறைக்காக அளந்தெடுத்த நிற எண்களை அனுப்பியிருந்தார். அந்தப் பிள்ளை அவற்றைக் கணினியில் போட்டு, அச்சு மைக்கான எண்களாக மாற்றியது. அப்போது திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து எதையோ கேட்டது. பிள்ளை படிக்காமலேயே தட்டிவிட்டுப் போய்விட்டது. என்ன கேட்டது என்று விசாரித்தேன். "எப்பவும் வர்றதுதான் சார், ஓகே குடுத்தா போயிடும்" என்று பதில் வந்தது.

இந்த எண்கள் எதன்மேல், எந்த வெளிச்சத்தில் அளந்தவை என்றுதான் அந்தப் பெட்டி கேட்டது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் அதே கேள்வி ஒரு புத்தகத்தில் பொடி எழுத்தில் தலைப்பாக இருந்தது. நானும் அதைப் படிக்காமல்தான் போனேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிற வருஷம் அது. எனக்கு இருபத்து நான்கு வயது. மலாக்காவில், காஜா பேராங்கில் வாடகை அறை, தெங்கேராவில் அச்சகம், இரண்டுக்கும் நடுவே ஒரு பழைய சைக்கிள். மை கலப்பது என் வேலை. பிஸ்கட் தகரத்துக்கும் சோப்புக்கும் லேபிள் அடிக்கச் சொல்லும் சிங்கப்பூர்க் கம்பெனிகள் நிறத்தை மூன்று எண்களாக எழுதி அனுப்பும். சிவப்பு இவ்வளவு, மஞ்சள் இவ்வளவு, நீலம் இவ்வளவு. வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்து அளக்கிற ஒரு கருவியின் கணக்கு அது. மைக் கம்பெனி கொடுத்த தடிப் புத்தகத்தில் அந்த எண்களைத் தேடினால், எந்த மையை எத்தனை அவுன்ஸ் எடுக்க வேண்டும் என்று இருக்கும். நீங்கள் இப்போது கணினியில் செய்வதுதான், நான் விரலை வரிசையில் ஓட்டிச் செய்தேன்.

அச்சகத்தில் அந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தலைக்கனம் வராமல் இருக்குமா? வந்தது. நன்றாகவே வந்தது.

மெஷின் ஓட்டுபவர் வீரப்பன். நான் அண்ணே என்பேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், இருந்தும் நீங்க வாங்க என்றுதான் பேசுவார். ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். ஆனால் அவர் கண் இருக்கிறதே, அப்படி ஒரு கண்ணை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. காலையில் திறந்த மை டின் தீர்ந்து மத்தியானம் வேறு டின்னுக்கு மாறினால், தூர நின்றே "டின்னு மாத்திட்டீங்களா தம்பி" என்று கேட்பார். நமக்கு இரண்டும் ஒரே சிவப்பாகத்தான் தெரியும்.

அவர் மனைவி ராஜம்மாவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. காஜா பேராங்கில் என் அறைக்கு இரண்டு சந்து தள்ளித்தான் அவர்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாற என்னை அங்கேதான் கூப்பிடுவார்கள். பிள்ளைகள் கிடையாது. அண்ணிக்கு நோயைவிடப் பெரிய கஷ்டம், வாரா வாரம் டாக்டரிடம் போய்ச் சிறுநீரைக் காட்டி, அவர் என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பதுதான்.

அந்த டாக்டரே ஒரு நாள் எங்கள் அச்சகத்துக்கு வந்தார். நோயாளிகள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஓர் அட்டை வேண்டும் என்றார். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சில சொட்டுச் சிறுநீர் விட்டுச் சூடாக்கினால், சர்க்கரைக்குத் தக்கபடி நிறம் மாறும். நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு. அட்டையில் இந்த ஐந்து நிறங்களையும் கட்டம் கட்டமாக அடித்து, ஒவ்வொன்றுக்கும் கீழே நிறத்தின் பெயரையும் என்ன செய்ய வேண்டும் என்பதையும் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் போட வேண்டும். நீலமோ பச்சையோ வந்தால் வழக்கம்போலச் சாப்பிடலாம். மஞ்சள் வந்தால் சோற்றைப் பாதியாக்கிவிட்டு அந்த வாரமே டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆரஞ்சோ சிவப்போ வந்தால் அன்றைக்கே வந்தாக வேண்டும்.

அவரிடம் இருந்த இங்கிலாந்து அட்டை இந்த ஊர் வெயிலிலும் ஈரத்திலும் வெளுத்துப் போயிருந்தது. அதைப் பார்த்து அடிக்க முடியாது. அதனால் குழாய்களிலேயே ஐந்து நிறங்களையும் செய்து, சிங்கப்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அளந்து வாங்கியிருந்தார். ஒவ்வொரு நிறத்துக்கும் மூன்று எண்கள். என் கண்ணில் அது பட்டதும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இதைச் செய்ய மலாக்காவிலேயே நான்தான் ஆள் என்று மனசுக்குள் ஒரு ஆட்டம்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். என் புத்தகத்தில் இரண்டு அட்டவணைகள் இருந்தன. ஒன்று தாள், துணி மாதிரிப் பொருள்களின் மேற்பரப்பில் அளந்த எண்களுக்கு. இன்னொன்று கண்ணாடி, திரவம் இவற்றின் ஊடாகப் பார்த்து அளந்த எண்களுக்கு. கிளாஸில் இருக்கும் தேநீரும் வேட்டியில் சிந்திய தேநீரும் ஒரே நிறமா என்ன? ஆனால் எனக்கு வந்த வேலை எல்லாம் லேபிள், உறை, பொட்டலம். முதல் அட்டவணை என் விரல் பட்டுப் பட்டு அழுக்கேறிக் கிடந்தது. இரண்டாவதை நான் திறந்ததே இல்லை. புத்தகத்தை எடுத்தேன், அது தானாகவே அழுக்குப் பக்கத்தில் திறந்துகொண்டது, எண்களைத் தேடினேன், மையை நிறுத்தேன். குழாயில் அளந்த எண்களைத் தாளுக்கான அட்டவணையில் போட்டுவிட்டேன். நீலம் குறைந்து மஞ்சள் ஏறிவிட்டது. பச்சைக் கட்டம் மஞ்சளாகவும், மஞ்சள் கட்டம் ஆரஞ்சாகவும் ஒவ்வொரு படி தள்ளிப் போய்விட்டன.

எங்கள் வழக்கப்படி, முதல் தாளைப் பத்து மணி வெளிச்சத்தில் அஞ்சடியில் வைத்துப் பார்ப்போம். கடை வரிசைக்கு முன்னால் ஓடும் அந்த நடைபாதையில்தான் நிறம் சரியாகத் தெரியும். வீரப்பண்ணன் தாளைக் கொண்டுவந்து பார்த்தார், திருப்பிப் பார்த்தார், கையைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, இந்தப் பச்சை சரியா வரல. மஞ்சளா இல்ல இருக்கு" என்றார்.

முதலாளி வாசலில் நின்றுகொண்டிருந்தார். சுதந்திர விழா நோட்டீஸ்கள் மலையாகக் குவிந்து கிடந்தன, மெஷின் காலியாக வேண்டும். பைண்டிங் ஆட்களும் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு மானப் பிரச்சினையாகப் போய்விட்டது.

"அண்ணே, சிங்கப்பூர்ல மெஷின் வச்சு அளந்து குடுத்த கணக்கு இது. கண்ணு ஏமாத்தும், நம்பர் ஏமாத்தாது. நீங்க உங்க மெஷினைப் பாருங்க" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். வீரப்பண்ணனும் சேர்ந்து சிரித்துவிட்டு உள்ளே போனார். புரூஃபை டாக்டரிடம் கொண்டுபோனேன். எண்களின்படி செய்ததுதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். மேசை விளக்கடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். இவரும் எண்களை நம்பினார். பார்த்துச் சொன்ன ஒரே ஆளின் வாயை நான் அடைத்துவிட்டேன். அட்டைகள் ஓடி முடிந்ததும் முதல் கட்டிலிருந்து ஒன்றை எடுத்து, "அண்ணிக்குக் குடுங்க, இனிமே பெஞ்சுல உக்கார வேணாம்" என்று நானே அவர் கையில் கொடுத்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அண்ணிக்கு அந்த அட்டை வந்த பிறகு முகமே மாறிவிட்டது. காலையில் குழாயைச் சூடாக்குவார். அவருக்குப் பார்வை மங்கல், அதனால் நிறம் பார்த்துச் சொல்வது வீரப்பண்ணன். தினமும் பச்சைதான். பக்கத்து வீட்டில் ஒரு சிட்டி அம்மா, தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே இருக்கும் சிட்டி இனத்தவர். அவர்களுக்குத் தமிழ் வராது, மலாய்தான். பண்டிகை நாளில் பூலுட் என்கிற ஒட்டரிசிச் சோறு கொண்டுவந்து "போலே மக்கான்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார், சாப்பிடலாமா என்று. அண்ணி அட்டையில் பச்சைக் கட்டத்தைத் தொட்டுக் காட்டிவிட்டுத் தட்டை வாங்கிக்கொள்வார். நான் அங்கே உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துப் பூரித்துப் போயிருக்கிறேன்.

சுதந்திர நாளன்று அண்ணி புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாகத் திடலுக்கு நடந்து போனார். செருப்பு கடித்துவிட்டது. குதிகாலில் ஒரு கொப்புளம், அவ்வளவுதான். அது உடைந்தது, ஆறவில்லை. மஞ்சள் அரைத்துப் போட்டார்கள், கடையில் களிம்பு வாங்கிப் போட்டார்கள். டாக்டரிடம் காட்டலாமே என்றால், சர்க்கரைதான் பச்சையில் இருக்கிறதே, புண் தானாக ஆறும் என்பார் அண்ணி. நியாயமான பேச்சு. அட்டை சரியாக இருந்திருந்தால்.

ஒரு மாதம் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் சீக்கிரமே போய்விட்டேன். வீரப்பண்ணன் ஜன்னலோரம் நின்று குழாயை அட்டையோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "பச்சைதான்" என்று அடுப்படிக்குக் குரல் கொடுத்தார். நான் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். குழாயில் இருந்தது மஞ்சள். சந்தேகமே இல்லாத மஞ்சள். அட்டையில் பச்சை என்று எழுதிய கட்டமும் அதே மஞ்சள்.

அஞ்சடியில் அவர் சொன்னது அப்போதுதான் எனக்குக் காதில் விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதனால் தப்பு என்று தெரியாது, தப்பு என்று தெரிந்துவிட்டது. அண்ணி இட்லித் தட்டோடு நொண்டி நொண்டி வந்தார். காலில் சுற்றியிருந்த துணியிலிருந்து ஒரு வாடை வந்தது.

அந்த நிமிஷம்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. புத்தகமும் அட்டவணையும் போகட்டும். அந்த நிமிஷம் நான் வாயைத் திறந்து, அட்டை தப்பு, நான் செய்த தப்பு, இப்போதே கிளம்புங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். பத்துச் சொல்கூட இல்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அண்ணே, எதுக்கும் இந்தக் காலை ஆஸ்பத்திரியில காட்டிட்டு வந்துடுங்களேன்."

"ஏன் தம்பி, பச்சைதானே வருது?"

"சும்மாதான். ஒரு தடவை காட்டிடலாமேன்னு."

சம்பள நாள் கழியட்டும், வாரக் கடைசியில் பார்க்கலாம் என்றார். நான் சரி என்று சொல்லி இட்லியைத் தின்றேன். ஆமாம், தின்றேன். எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். வேலை போய்விடும், டாக்டர் போலீஸில் சொல்லிவிடுவார், ஊர் சிரிக்கும், இதெல்லாம் தலைக்குள் ஓடியது. காரணத்தை மறைத்துவிட்டு எச்சரிக்கை மட்டும் கொடுத்தால் போதும் என்று நினைத்தேன். காரணம் தெரியாமல் யார் அவசரமாகக் கிளம்புவார்கள்? அவர்கள் கையில் அட்டை இருந்தது, அது பச்சை என்றது. என் பேச்சுக்கு எதிராக என் அட்டையே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை புத்தகத்தைத் திறந்து தலைப்பைப் படித்தேன். ஒரு வரி. செவ்வாய், புதன் இரண்டு நாளும் வீரப்பண்ணன் எனக்கு எதிரே நின்று மெஷின் ஓட்டினார். நான் மை கலந்தேன். ஒவ்வொரு மணிக்கும் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன், யாராவது வந்துவிட்டால் நிம்மதியாக இருக்கும். வியாழக்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. அண்ணிக்குக் காய்ச்சல் கண்டு, கால் கறுத்துப் போய், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள். நாலு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் பாதத்தோடு போயிருக்கலாம் என்று அங்கே சொன்னார்களாம். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். எண்ணிக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம்தான் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. போலீஸ் வரவில்லை, வேலையும் போகவில்லை. கையெழுத்துப் போட்டவன் நானும்தானே என்றார் அவர். அட்டைகளைத் திரும்ப வாங்க ஆள் அனுப்பினார். யார் யாருக்குக் கொடுத்தோம் என்பதற்கு ஒழுங்கான பதிவு இல்லை. நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் உஜோங் பாசிர் கிராமம் வரைக்கும், பத்து பெரெண்டாம் கிராமம் வரைக்கும் போனேன். சில வீடுகளில் அட்டையைக் கொடுத்தார்கள். சில வீடுகளில் அந்த ஆள் இப்போது இல்லை என்றார்கள். என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

வீரப்பண்ணனிடம் ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவர் என்னை அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் சுவரில் சாய்ந்து நின்று, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"குழாய் மஞ்சளாத்தான் தெரிஞ்சிச்சு தம்பி. கட்டமும் மஞ்சளாத்தான் தெரிஞ்சிச்சு. கட்டத்துக்குக் கீழ பச்சைன்னு போட்டிருந்திச்சு. படிச்சவங்க போட்டது, நம்ம கண்ணுதான் சரியில்லன்னு நெனச்சேன்."

பிறகு, "அவகிட்ட சொல்லிடாதீங்க" என்றார். "தெனம் காலையில பாத்துச் சொன்னது நான். அவளுக்கு அது தெரிய வேணாம்."

அதோடு என் வாய் அடைபட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆளிடம் கேட்க முடியாது. கேட்டால் அவர் புருஷனைக் காட்டிக் கொடுத்ததாகும். உங்களில் யாராவது, சார் அப்புறம் என்ன செய்து மனசைத் தேற்றிக்கொண்டார் என்று கேட்கலாம். தேற்றிக்கொள்ளவில்லை. அதற்கு வழி ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை.

சரியான அட்டவணையில் பார்த்து மறுபடியும் மை கலந்தேன். புது அட்டையின் முதல் தாளை அஞ்சடிக்கு நானே எடுத்துப் போய், வீரப்பண்ணனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அவர் தாளைப் பார்க்கவே இல்லை. நீங்க பாத்தா சரி தம்பி என்று மெஷினுக்குத் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு பதினாறு வருஷம் ஒன்றாக வேலை செய்தோம். என்னோடு பேசாமல் இல்லை. மழையைப் பற்றிப் பேசினார், விலைவாசியைப் பற்றிப் பேசினார், என் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கி வந்தார். ஒரு நிறம் நன்றாக வந்திருக்கிறது, வரவில்லை என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அப்பேர்ப்பட்ட கண்ணை நான் ஒரு வாக்கியத்தில் கொன்றேன்.

புது அட்டையில் ஒன்றை அண்ணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போது அவர் கட்டிலோடு கிடந்தார். ஊன்றுகோல் மூலையில் கிடந்தது, பழக மனசில்லை. மற்றக் காலிலும் ஒரு விரல் கறுக்கத் தொடங்கியிருந்தது. சோற்றைக் குறைத்து, ஊசி போட்டு, என்ன செய்தும் குழாய் ஆரஞ்சுக்குக் கீழே இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னார்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. இந்தப் புது அட்டை சரியில்ல. எப்பப் பாத்தாலும் கெட்டதாவே காட்டுது. மொதல்ல ஒண்ணு போட்டீங்களே, அது எவ்வளவு நல்லா இருந்திச்சு. அதைப் பாத்துக்கிட்டு இருந்த வரைக்கும் நான் நல்லாத்தான் இருந்தேன். அதுல ஒண்ணு மிச்சம் இருந்தாக் கொண்டாங்களேன்."

வீரப்பண்ணன் ஜன்னலோரம் ஸ்பிரிட் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. துடைத்த விளக்கையே மறுபடி துடைத்தார்.

தேடிப் பார்க்கிறேன் அண்ணி என்றேன்.

தேட வேண்டியதே இல்லை. திரும்ப வாங்கிய கட்டு முழுவதும் என் அறையில்தான் கிடந்தது. அதில் ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அந்த வாரம் முழுக்கத் திரிந்தேன். கொடுத்தால் அவர் சிரிப்பார். கொடுத்தால் மறுபடியும் நான் அவருக்குப் பொய்யைக் கொடுத்தவன் ஆவேன். இனிமேல் எந்த அட்டை எந்த நிறத்தைக் காட்டினாலும் அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். இந்தக் கணக்குக்கு எந்தப் புத்தகத்திலும் அட்டவணை இல்லை, உங்கள் கணினியிலும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை வந்தது. போகவில்லை. முடிவு செய்ய முடியாமல் அறையிலேயே படுத்துக்கிடந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொடுத்துவிடுவது என்று கிளம்பிப் போனேன். வீட்டு முன்னால் சாவுப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.